அலுகோசின் கணக்கு

ஜேர்மனியின் தென்பகுதியிலே, தவுபர் என்னும் சிற்றாற்றுக்கு மேலே உயர்ந்து நிற்கும் மேட்டில், றொத்தன்பேர்க் என்றொரு சிறு நகரம் இருக்கின்றது. மதிலும், கோபுர வாயில்களும், கல் பாவிய தெருக்களும், செங்குத்தான ஓட்டுக் கூரைகளும் அந்நகருக்குப் பேர் பெற்றுக் கொடுத்திருக்கின்றன. அங்கு வருவோரில் மிகப் பலர் தவறாமற் செல்லும் கட்டிடம் ஒன்றுண்டு. புனித யோவானின் பெயரால் அமைந்த துறவி வீரர் சபையின் இல்லமாக ஒரு காலத்தில் விளங்கிய அக்கட்டிடத்தில், 1977 முதல், மத்தியகாலக் குற்றவியல் நூதனசாலை நடைபெற்று வருகின்றது. பழைய தண்டனைக் கருவிகளையும் நீதிமுறை பற்றிய நூல்களையும் பத்திரங்களையும் ஆயிரக்கணக்கில் திரட்டி வைத்திருக்கும் இடம் அது. ஒரு முற்பகல் முழுவதையும் நாம் அங்கு கழித்தோம்.

உள்ளே சென்றவர்கள் எல்லாம் எங்கே கூடி நிற்கின்றார்கள் என்பதை முதலிற் கவனித்தோம். 'இரும்புக் கன்னி' என்ற பொருளின் முன்னேதான். ஆளுயரப் பெட்டி, மேலே ஒரு பெண்ணின் முகம், முன்புறம் இரு கதவுகள், கதவுகளின் உட்புறத்தே கூரிய முட்கள். குற்றவாளியை உள்ளே நிறுத்திக் கதவுகளை மெல்ல மெல்ல அடைப்பார்களாம். இதைச் சொல்லிக் கேட்கும்போது தாய்மார் பிள்ளைகளின் தோளைப் பற்றிக்கொள்கின்றனர். "அந்த இருண்ட காலத்தில் நாம் பிறக்கவில்லையே" என்ற ஆறுதல் அவர்கள் முகங்களிலே தெரிகின்றது.

அந்த ஆறுதல் ஒரு பொய்யின்மீது நிற்கின்றது என்பதுதான் வேடிக்கை. மத்தியகாலத்தில் எவரும் இரும்புக் கன்னியிற் கொல்லப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. நூரெம்பேர்க் நகரில் 1515-ஆம் ஆண்டு கள்ள நாணயம் செய்த ஒருவன் இவ்வாறு கொல்லப்பட்டான் என்ற கதையை 1793-இல் எழுதி வெளியிட்டவர் சீபென்கேஸ் என்னும் அறிஞர். அதற்கு முந்திய ஏடுகளில் இப்பொருளைக் காணோம். அவமானத் தண்டனைக்குரியவர்களுக்கு அணிவித்துத் தெருவில் நடத்திச் செல்லும் மர அங்கி ஒன்று பழைய காலத்தில் இருந்தது. அதற்கு முள் கிடையாது. அத்தகைய அங்கியின் உருவிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டினர் முட்களைப் பொருத்திக் கன்னியை உண்டாக்கினர் என்பது ஆய்வாளர் முடிவு. நூதனசாலையாரும் இதை இன்று மறைப்பதில்லை. நூரெம்பேர்க்கிலிருந்த பேர்போன கன்னி இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தது. றொத்தன்பேர்க்கில் உள்ளது காட்சிக்கென்றே செய்யப்பட்ட இன்னொரு பிரதி. 1890-இல் ஆங்கிலப் பிரபு ஒருவர் இதை வேறு பல கருவிகளோடு விலைக்கு வாங்கினார். 1893-இல் சிக்காகோ நகரின் உலகக் கண்காட்சியில் இது வைக்கப்பட்டது. பின்னர் அமெரிக்க நகரங்களைச் சுற்றியது. 1960-களின் தொடக்கத்தில் ஏலத்தில் விற்கப்பட்டு இறுதியில் இங்கு வந்து சேர்ந்தது. ஆகவே இந்தக் கன்னி கொன்றது எவரையுமன்று; காட்சிச் சீட்டு விற்றதே அதன் தொழில்.

பொய்யான கருவியைக் கண்டு மெய்யான நடுக்கம் கொள்ளும் இக்கூட்டத்தை விட்டு விலகி, எவரும் நில்லாத கண்ணாடிப் பேழைகளின் பக்கம் நாம் சென்றோம். அவற்றில் இருப்பவை காகிதங்கள்.

சக்கரவர்த்தி ஐந்தாம் சாள்ஸ் 1532-இல் நிறைவேற்றிய குற்றவியற் சட்டம் அவற்றுள் தலையாயது. 'கரோலினா' என்று அவன் பெயராலேயே அது வழங்கலாயிற்று. கொடுங்கோலன் ஒருவன் கோபத்தில் எழுதிய ஓலையன்று அது. உரோமச் சட்டம் கற்ற அறிஞர்கள் நிதானமாக ஆக்கிய நூல். சந்தேகத்தின்மீது மட்டும் ஒருவனைத் தண்டிக்கக் கூடாது. நேரிற் கண்ட நல்ல சாட்சிகள் இருவரேனும் வேண்டும், அன்றேல் குற்றவாளியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அது விதித்தது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது. ஆனால் களவையும் கொலையையும் இரு சாட்சிகளை வைத்துக்கொண்டு எவன் செய்வான்? ஆகவே ஒப்புதல் வாக்குமூலமே நீதியின் ஆணிவேராயிற்று. அதைப் பெறுவதற்கு வதை சட்டபூர்வமான வழியாயிற்று. விடையை ஊட்டும் வினாவைக் கேளாதே, போதிய அறிகுறியின்றி வதையாதே, வதையின்போது சொன்னதை வதை நீங்கிய பின் மறுமுறை சொல்லச் செய்து உறுதிப்படுத்து என்றெல்லாம் சட்டம் எச்சரித்தது. மறுமுறை சொல்ல மறுத்தால்? மீண்டும் வதைக்கலாம். எவ்வளவு வதைப்பது என்பது நீதிபதியின் விவேகத்துக்கு விடப்பட்டது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'மத்தியகாலக் கொடுமை' என்று நாம் பாடப்புத்தகங்களிற் படித்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பவற்றுட் பெரும் பகுதி மத்தியகாலத்தினது அன்று. அச்சு யந்திரம் வந்த பின்னர், சர்வகலாசாலைகள் பெருகிய பின்னர், கடல் கடந்த வாணிபம் தழைத்த பின்னர் நிகழ்ந்தது அது. சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டி ஐரோப்பாவில் நாற்பதினாயிரம் முதல் அறுபதினாயிரம் வரையிலானோரைக் கொன்றனர் என்பது இன்றைய வரலாற்றறிஞரின் மதிப்பீடு. அக்கொலைகளிற் பெரும்பாலானவை பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளுக்குரியவை. கொல்லப்பட்டோரிற் பெரும்பான்மையினர் பெண்கள்.

பாம்பேர்க் நகரின் மேயராயிருந்த யொஹான்னஸ் யூனியுஸ் என்பவர் 1628-இல் இவ்விதம் பிடிபட்டார். சிறையிலிருந்து அவர் தம் மகளுக்கு இரகசியமாக அனுப்பிய கடிதம் இன்றும் இருக்கின்றது. நசுக்கப்பட்ட கைகளால் அதை எழுதி முடிக்க அவருக்குப் பல நாட்கள் சென்றன. தாம் குற்றமற்றவர் என்றும், வதை தாளாது பொய் சொன்னதாகவும் அதிற் கூறுகின்றார். அலுகோசே அவரிடம் வந்து, 'ஐயா, எதையாவது கற்பித்துச் சொல்லிவிடுங்கள், இல்லையேல் இது நிற்கப் போவதில்லை' என்ற பொருள்பட மன்றாடினானாம். பின்னர் அவரைத் தெருத் தெருவாக நினைவில் நடத்தி, அங்கு யாரைக் கண்டாய், இங்கு யாரைக் கண்டாய் என்று பெயர்களைப் பிடுங்கினார்கள். அந்தப் பெயர்கள் அடுத்த வழக்குகளாயின. வெறிபிடித்த கும்பலின் வேலையன்று இது. வினா, விடை, பதிவு, கையொப்பம் என்று ஒழுங்காக நடைபெற்ற அலுவலக வேலை. 1631-இல் யேசுசபைக் குருவான பிரீட்ரிஷ் ஸ்பே இந்த முறையைத் தாக்கி எழுதிய நூலைத் தம் பெயரின்றியே அச்சிட வேண்டியிருந்தது. இந்த வழியில் விசாரித்தால் நீதிபதியும் குருவும்கூடச் சூனியக்காரர் ஆவார்கள் என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி.

அடுத்த அறைகளில் உள்ளவை வேறு வகையின. பெரிய காதும் நீண்ட நாக்கும் வைத்த இரும்பு முகமூடிகள், பன்றி முகங்கள்: இவை ஊர்வம்பு பேசியோருக்கும் ஒழுக்கம் தவறியோருக்கும் மாட்டப்பட்டவை. கழுத்தையும் இரு கைகளையும் சேர்த்துப் பூட்டும் பலகைக்குப் 'பிடில்' என்று கேலிப் பெயர் வைத்திருக்கின்றனர். சண்டையிட்ட இரு பெண்களை முகத்துக்கு முகம் நோக்கப் பூட்டுவதற்கு இரட்டைப் பிடிலும் உண்டு. இழிவாக வாசித்த இசைக்காரனின் கழுத்திலே தொங்கவிட்டு விரல்களைப் பூட்டுவதற்கு இரும்புக் குழல். குடிகாரனை நுழைத்துத் தெருவில் நடத்துவதற்கு மரப்பீப்பாய். பள்ளிக்கூடத் தண்டனைகளும் விடுபடவில்லை. ஆசிரியத் தொழிலில் உள்ளவர்கள் அவ்விடத்தைச் சற்று விரைவாகவே கடக்கின்றார்கள்; நாமும் அப்படியே கடந்தோம்.

பார்வையாளர் சிரிப்பது இந்த அறைகளிலேதான். வதைக் கருவிகளைக் கண்டு நடுங்கியவர்கள் இங்கு வந்து சிரிக்கின்றார்கள். ஆனால் சந்தையில் நாள் முழுவதும் இவ்வாறு நிறுத்தப்பட்ட ஒருத்திக்கு மறுநாள் எவன் வேலை கொடுப்பான்? தொழிற்சங்கமும் திருச்சபையும் அயலாரும் 'மானம்' என்ற ஒன்றை வைத்தே ஒருவரை ஏற்ற அந்தச் சமுதாயத்தில், மானத்தைப் பறிப்பது பிழைப்பைப் பறிப்பதேயாகும். பணமுள்ளவன் பல வேளைகளில் அபராதம் செலுத்தித் தப்பினான். செலுத்த இயலாதவன் முதுகாலும் முகத்தாலும் செலுத்தினான்.

வெளியே ஒரு கூண்டு நிற்கின்றது. நிறை குறைந்த பாண் விற்றவனை அதில் அடைத்து நீரில் அமிழ்த்தித் தூக்குவார்கள். ஏழையின் உணவிற் களவு செய்தவனுக்கு இது தகும் என்று நமக்கும் முதலில் தோன்றியது. பின்னர், தானியத்தைக் களஞ்சியத்தில் வைத்திருந்தவருக்கென்று ஏதாவது கூண்டு உண்டோ என்று தேடிப் பார்த்தோம். நம் கண்ணில் அகப்படவில்லை.

நூதனசாலையிலிருந்து சில நிமிட நடையில் நகரின் சந்தைச் சதுக்கம் வருகின்றது. அங்கே வெய்யிலில் அமர்ந்து கோப்பி அருந்துகின்றார்கள். இந்தச் சதுக்கத்தைப் பற்றி அறியாமல் அந்த நூதனசாலையை விளங்கிக்கொள்ள முடியாது என்பது நமது கருத்து.

1525-இல் தென் ஜேர்மனியின் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். ஏங்கல்ஸ் 1850-இல் எழுதிய நூலின் வாயிலாக நம் வாசகர் பலர் அறிந்த வரலாறு அது. அவ்வாண்டு மார்ச்சில் அவர்கள் வகுத்த பன்னிரண்டு கோரிக்கைகளுள் அடிமைக்குடி முறையை நீக்கல், காட்டையும் நீரையும் பொதுவாக்கல் என்பன பெரிதும் பேசப்படுகின்றன. ஒன்பதாவது கோரிக்கையை மேற்கோள் காட்டுவோர் குறைவு. அது தண்டனை பற்றியது. நாளுக்கொரு புதிய விதி செய்து, வேண்டியவனுக்கு ஒரு விதமும் வேண்டாதவனுக்கு இன்னொரு விதமுமாகத் தண்டிக்கின்றீர்கள். எழுதப்பட்ட பழைய சட்டப்படியே எங்களை விசாரியுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். கேட்டது இரக்கத்தையன்று, நீதியை.

றொத்தன்பேர்க் நகரமும் அவர்களோடு சேர்ந்தது. வூர்ஸ்பேர்க் கோட்டையை முற்றுகையிடப் பீரங்கிகளையும் கொடுத்தது. பிரபுக்களின் சேனைகள் வென்ற பின், அன்ஸ்பாக் சிற்றரசன் காசிமிர் ஜூன் இறுதியில் நகருட் புகுந்தான். ஜூன் 30-ஆம் நாளும் ஜூலை 1-ஆம் நாளும் சந்தைச் சதுக்கத்தில் தலைகள் விழுந்தன. குடியானவர் பக்கம் நின்ற போதகர் தொய்ஷ்லைனும் அவர்களுள் ஒருவர். இவரை நாம் வீரர் வரிசையில் வைத்துப் பாடிவிடலாம். ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் அந்நகரின் யூதர்களைத் துரத்துவதற்கு மக்களைத் தூண்டியவரும் இவரே. (அந்நகரம் 1938 ஒக்டோபரில் தன் யூதர்களை இரண்டாம் முறை துரத்தியது.) வரலாறு நமக்கு வசதியான மனிதர்களைத் தருவதில்லை.

றொத்தன்பேர்க்குக்கு முன்னரே காசிமிர் கிற்சிங்கன் நகரில் ஐம்பதுக்கு மேற்பட்டோரின் கண்களைத் தோண்டுவித்தான். குருடாக்கப்பட்டோர் நகரை விட்டு அகல வேண்டும், எவரும் அவர்களுக்கு உதவலாகாது என்பது கட்டளை. இந்த வேலைகளைச் செய்தவன் காசிமிரின் அலுகோசு ஔகுஸ்டின். அவன் தன் எசமானுக்குச் சமர்ப்பித்த கணக்கு வரலாற்றிலே பிழைத்திருக்கின்றது. தலை வெட்டப்பட்டோர் 80. கண் பறிக்கப்பட்டோர் அல்லது விரல் தறிக்கப்பட்டோர் 69. தலைக்கு ஒரு குல்டன், கண்ணுக்கும் விரலுக்கும் அரைக் குல்டன் வீதம் மொத்தம் 114½ குல்டன். இதில் றொத்தன்பேர்க் நகரத்தாரிடமிருந்து பெற்றுக்கொண்ட 10 குல்டனையும், ஒரு பிரபு கொடுத்த 2 குல்டனையும் நேர்மையாகக் கழித்திருக்கின்றான். மீதி 102½. இரண்டு மாதச் சம்பளம், மாதம் 8 குல்டனாக 16. ஆக வரவேண்டியது 118½ குல்டன். கீழே, கிற்சிங்கன் மக்கள் தன்னை 'ஐயோ மேஸ்திரி' என்று அழைப்பதாகவும் ஒரு குறிப்பு.

கணக்கிற் பிழை இல்லை. நாம் கூட்டிப் பார்த்தோம்.

இரும்புக் கன்னியின் முன்னே நின்று நடுங்கியவர்கள் இந்தக் கணக்கைப் படித்திருக்க வேண்டும். கொல்லப்பட்டவர்களின் பெயர் இதில் இல்லை, குற்றம் இல்லை, விசாரணை இல்லை. தொகையும் விலையும் மட்டுமே உண்டு. இதற்கு ஏழு ஆண்டுகளின் பின் கரோலினாச் சட்டம் வந்தது. எழுதப்பட்ட சட்டம் வேண்டுமென்று குடியானவர் கேட்டார்கள் அல்லவா? அவர்களில் ஒரு லட்சம் பேர் வரை மடிந்த பின்னர், எழுதப்பட்ட சட்டம் கிடைத்தது.

அலுகோசைப் பற்றியும் இரண்டொரு சொல் கூற வேண்டும். நூதனசாலையில் அவனுடைய வாள்கள் இருக்கின்றன. முனை மழுங்கிய அகன்ற வாள்கள்; குத்துவதற்கு அன்று, வெட்டுவதற்கு மட்டுமே ஆனவை. சிலவற்றில் தெய்வ வாசகமும் பொறித்திருக்கின்றது. அரசனின் நீதியை நிறைவேற்றிய அந்தக் கையை ஊரார் தீண்டமாட்டார்கள். அவன் மகன் வேறு தொழில் பயில முடியாது. மகள் அலுகோசுக் குடும்பத்திலேயே வாழ்க்கைப்பட வேண்டும். சாராயக் கடையில் அவனுக்குப் புறம்பான இருக்கை. யாழ்ப்பாணத்துக் கிணற்றடியையும் கோயில் வாசலையும் தேநீர்க் கடையின் தனிக் குவளையையும் அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. காசிமிரின் மகனான அல்பிரெஷ்ட் 1553-இல் ஹோப் நகரத்தில், கூட்டத்தில் நின்ற ஹைன்றிஷ் ஸ்மித் என்ற காட்டுத் தொழிலாளியைப் பிடித்து மூவரைக் கொல்லப் பணித்தான். பணிந்த அந்நாள் முதல் அக்குடும்பமே இழிகுலமாயிற்று. அவன் மகன் பிரான்ஸ் நூரெம்பேர்க்கில் பல்லாண்டு அலுகோசாயிருந்து, தான் செய்த கொலைகளை நாட்குறிப்பாக எழுதி வைத்தான். குடும்பத்தின் மானத்தை மீட்டுத் தருமாறு முதுமையில் சக்கரவர்த்திக்கு விண்ணப்பித்து, 1624-இல் அதைப் பெற்றான். எழுபது ஆண்டுகள்! பணித்தவனின் வம்சத்துக்கு இழிவென்பது ஒரு நாளும் இருந்ததில்லை.

பின்னர் பகுத்தறிவின் காலம் வந்தது. பிரஷ்யாவில் இரண்டாம் பிரீட்ரிஷ் 1740-இல் வதையை, சில விலக்குகளுடன், நீக்கினான். இத்தாலியரான பெக்காரியா 1764-இல் வதைக்கும் மரணதண்டனைக்கும் எதிராக எழுதிய சிறு நூல் ஐரோப்பா எங்கும் பரவிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1768-இல், வியன்னாவின் மரியா தெரேசா பேரரசி ஒரு குற்றவியற் சட்டத்தை வெளியிட்டாள். அதன் படங்களை நன்கு பார்க்க வேண்டும். விரல் நெரிக்கும் கருவியும் ஏணியும் அளவுகளோடு, பொறியியலாளரின் வரைபடம் போலச் சுத்தமாக வரையப்பட்டுள்ளன. இராச்சியம் முழுவதும் ஒரே அளவில் வதைக்க வேண்டும் என்பதே நோக்கம். அறியாமையின் இருட்டில் பிறந்த ஏடு அன்று இது. எட்டு ஆண்டுகளில், 1776-இல், அங்கும் வதை ஒழிந்தது.

இலங்கையின் கரையோர மாகாணங்களில் ஒல்லாந்தர் காலத்திலிருந்த வதையையும் கொடுந்தண்டனைகளையும் 1799-இல் பிரித்தானியத் தேசாதிபதி நோர்த் ஒரு பிரகடனத்தால் நீக்கினார். அது நன்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் கிட்டத்தட்ட ஐம்பத்தாறு ஆண்டுகளின் பின், 1855-இல், அதே பிரித்தானியரின் ஆட்சியிலிருந்த சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. நிலவரி வசூலிக்கக் குடியானவரின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தலும், கழுத்தையும் காலையும் கயிற்றாற் பிணைத்து வெய்யிலிற் குனிய நிறுத்தலும் வழக்கமாய் இருந்தன என்பது அதில் வெளிப்பட்டது. குற்றம் சுதேசச் சிப்பந்திகளுடையது, துரைமார் அறியார் என்பது அறிக்கையின் சாய்வு. வரி யாருடைய பெட்டிக்குப் போயிற்று? 1857-இல் மார்க்ஸ் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் இவ்வறிக்கையையே எடுத்து வைத்து எழுதினார்.

இரும்புக் கன்னி சென்ற சிக்காகோக் கண்காட்சியை முன்னர் குறிப்பிட்டோம். அதே 1893-இல், அதே கண்காட்சியில், இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது. நம் நாட்டு மரங்களால் அழகுறச் செய்யப்பட்ட மண்டபம். அங்கே இலங்கைத் தேயிலையை ஊற்றிக் கொடுத்தார்கள். மத்தியகாலக் கொடுமையைக் கண்டு மனம் கலங்கிய கனவான்களும் சீமாட்டிகளும் அங்கு ஒரு கோப்பை அருந்தி இளைப்பாறியிருக்கலாம். அந்தத் தேயிலையைக் கொய்தவர்கள் 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். ஒப்பந்த காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போவது அச்சட்டப்படி கடன் தகராறு அன்று, குற்றம்; அதற்குச் சிறை உண்டு. அந்தத் தண்டனை விதிகள் நீங்க 1921 வரை செல்ல வேண்டியிருந்தது. கன்னியின் முட்கள் எவரையும் தைக்கவில்லை. இந்தச் சட்டம் தைத்தது. இதைக் கண்ணாடிப் பேழையில் வைத்தால் எவர் காசு கொடுத்துப் பார்ப்பார்?

மீண்டும் ஜேர்மனிக்கே வருவோம். றொத்தன்பேர்க் நூதனசாலையில் நாம் காணாத காகிதம் ஒன்றையும் இங்கு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஔகுஸ்டினின் கணக்குக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது அது. எரிக் க்னௌப் என்பவர் பத்திரிகையாளர், பாட்டெழுதுபவர். விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பதுங்கிய இடத்தில் நாஜி ஆட்சியைப் பற்றி அவர் பேசியதை அயலான் ஒருவன் காட்டிக்கொடுத்தான். 1944 மே 2-ஆம் நாள் அவருடைய தலை துண்டிக்கப்பட்டது. அரச வழக்குத் துறையினர் அவருடைய விதவைக்குக் கணக்கு அனுப்பினார்கள். மரணதண்டனைக் கட்டணம் 300 மார்க். தபாற் செலவு 1.84, சட்டத்தரணிக்கு 81.60; சிறையில் இருந்த நாட்களுக்கு 44; தண்டனையை நிறைவேற்றிய செலவு 158.18, இக்கணக்கைத் தபாலில் அனுப்பும் செலவு 12 பெனிக். மொத்தம் 585.74 மார்க்.

இதையும் கூட்டிப் பார்த்தோம். சரியாகவே இருக்கின்றது.